ஏற்றிக் கொடுத்த விரல்: காணொலிச் செயலிகளும் மலைவீட்டு அந்தரங்கமும்

ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்னும் இடத்தை அடுத்து ஒரு செல்போன் கடை. கண்ணாடிப் பெட்டிக்கு அந்தப் பக்கம் இருபது வயதுப் பையன். இந்தப் பக்கம், மலைக்கிராமம் ஒன்றிலிருந்து பஸ் பிடித்து வந்த ஒரு பெண். "தம்பி, பாப்பாவுக்கு ஸ்கூல்ல வீடியோ மீட்டிங்காம். அந்த ஆப்பை இதுல ஏத்திக் குடுப்பா" என்று போனை நீட்டுகிறார். "சரிக்கா" என்று வாங்கிக்கொள்கிறான் பையன். செயலி இறங்கி முடிந்ததும் திரை வரிசையாகக் கேட்கிறது: படம் எடுக்கலாமா, ஒலி பதிவு செய்யலாமா, தொடர்பு எண்களைப் பார்க்கலாமா? மூன்று முறையும் பையனின் கட்டைவிரல் 'அலவ்' என்பதில் விழுகிறது. கேள்வியை அவன் படிக்கவில்லை, அக்காவுக்குக் காட்டவும் இல்லை. ஆகும் நேரம் நாலு விநாடி.

இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பையன் கேட்ட வேலையைச் செய்தான், அக்கா பிள்ளையின் படிப்புக்காக வந்தார். ஆனாலும் ஒரு வீட்டின் உள்ளறை, அங்கே பேசப்படும் பேச்சு, அந்தப் போனில் உள்ள உறவுக்காரர்களின் எண்கள் ஆகியவற்றை யார் பார்க்கலாம் என்பது அந்த நாலு விநாடியில் முடிவாகிவிட்டது. முடிவு யாருடையது? பொத்தானை அழுத்திய பையனுடையதா, போனுக்குச் சொந்தக்காரருடையதா, அந்தச் செயலியில்தான் கூட்டம் என்று அறிவித்த பள்ளியுடையதா?

காணொலிக் கூட்டச் செயலிகளைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் 'எந்தச் செயலி பாதுகாப்பானது?' என்ற கேள்வியைத்தான் சுற்றி வருகிறது. அந்தக் கேள்வி தேவையானதே. அதற்குக் கிடைத்த விடைகளை இந்தக் கட்டுரை வரிசையாகப் பார்க்கிறது. ஆனால் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையிலிருந்து பார்க்கும்போது அதற்கும் முன்னால் ஒரு கேள்வி நிற்கிறது: யார் சொல்லி ஏற்றுகிறோம்?

டவர் கிடைக்கும் இடம்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. 1820 வாக்கில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்தார். பின்னர் கான்வென்ட் பள்ளிகள் வந்தன. சேக்ரட் ஹார்ட் 1894இலும் மான்ட்ஃபோர்ட் 1917இலும் தொடங்கப்பட்டவை. ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், விடுதிகள் என்று வெளியூர்க்காரர்கள் அறிந்த ஏற்காடு ஒன்று. மிளகுக்கொடியும் சில்வர் ஓக் மரமுமாக எஸ்டேட்டுகளுக்கு அப்பால் விரிந்து கிடக்கும் மலைக்கிராமங்களின் ஏற்காடு இன்னொன்று. அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளம் என்று நினைத்துவிட வேண்டாம், இவர்கள் தமிழ் பேசும் மலைமக்கள். சட்டமன்றத் தொகுதியும் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டதுதான்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது காணொலிச் செயலி இந்த இரண்டு ஏற்காட்டிலும் ஒரே காலத்தில் நுழைந்தது, ஆனால் ஒரே மாதிரி நுழையவில்லை. உறைவிடப் பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊர்களுக்குத் திரும்பித் தங்கள் அறைகளில் மடிக்கணினி முன் உட்கார்ந்தார்கள். மலைக்கிராமத்துப் பிள்ளைகளுக்கு அப்பாவின் போன் மாலையில்தான் கைக்கு வந்தது. 2017–18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கிராமப்புற வீடுகளில் கணினி இருந்தது 4.4 சதவீதத்தில், இணைய வசதி இருந்தது 14.9 சதவீதத்தில். 2021இல் பக்கத்து நாமக்கல் மாவட்டத்துப் பெரப்பன்சோலையில் மாணவர்கள் ஆலமரக் கிளையில் ஏறி உட்கார்ந்து வகுப்பு கேட்ட படத்தை நாடே பார்த்தது.

அந்தப் படத்தைப் பார்த்த எல்லாரும் சிக்னல் பற்றாக்குறையைப் பற்றிப் பேசினோம். அதில் இன்னொன்றும் இருக்கிறது. தனியுரிமை பற்றிய அறிவுரைகள் எல்லாம் ஒரு தனி அறையை எடுத்துக்கொண்டே தொடங்குகின்றன: கதவைச் சாத்துங்கள், ஹெட்போன் போடுங்கள், பின்னணியை மங்கலாக்குங்கள். மலையில் டவர் கிடைக்கும் இடம் பாறை மேடு, பஸ் நிறுத்தம், மரக்கிளை. அங்கே போகிறவர் வருகிறவர் எல்லாரும் வகுப்பைக் கேட்கலாம், கூட்டத்தில் இருப்பவர்களும் அங்கே நடப்பதையெல்லாம் பார்க்கலாம். வீட்டுக்குள்ளே டவர் கிடைத்தாலும் ஒற்றை அறை வீட்டில் பின்னணி என்று தனியாக எதுவும் இல்லை. காய்கிற துணி, படுத்திருக்கும் பாட்டி, அடுப்பு, அம்மா அப்பாவின் சண்டை எல்லாம் காட்சிக்குள் வந்துவிடும். பின்னணியை மறைக்கும் வசதி மலிவான பழைய போன்களில் பெரும்பாலும் வேலை செய்வதில்லை. கேமராவை அணைத்து வைக்கும் பிள்ளையைக் கவனமில்லாத பிள்ளை என்று ஆசிரியர் நினைக்கலாம். தன் வீட்டைச் சக மாணவர்கள் பார்க்க வேண்டாம் என்றுகூட அந்தப் பிள்ளை நினைத்திருக்கலாம்.

கேட்காமலே உள்ளே வந்தவர்

செயலிகள் மீதான சந்தேகம் வெறும் பயத்தில் பிறந்ததல்ல, அதற்கு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் பெரிய பகுதி ஜூம் செயலியைப் பற்றியது. பெருந்தொற்றுக் காலத்தில் எல்லாரும் அதைத்தான் பயன்படுத்தினார்கள், ஆகவே எல்லாரும் அதைத்தான் ஆராய்ந்தார்கள். 2019 டிசம்பரில் நாளொன்றுக்கு ஒரு கோடியாக இருந்த கூட்டப் பங்கேற்பு 2020 மார்ச்சில் 20 கோடியைத் தொட்டது.

முதல் அதிர்ச்சி அதற்கும் முந்தியது. 2019 ஜூலையில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர், மேக் கணினிகளில் ஜூம் ஒரு சிறு சர்வரை ரகசியமாக நிறுவிவிடுகிறது என்று வெளியிட்டார். ஏதோ ஓர் இணையதளத்துக்குள் போனாலே கேமரா இயங்க, நாம் ஒரு கூட்டத்தில் இணைக்கப்பட்டுவிடும் வாய்ப்பு அதனால் இருந்தது. செயலியை நீக்கினாலும் அந்தச் சர்வர் நீங்காது. அதுவே செயலியை மறுபடி நிறுவிவிடும். விருந்தாளி கிளம்பிய பிறகும் அவர் விட்டுச்சென்ற ஆள் திண்ணையில் உட்கார்ந்திருந்து, அவருக்காகக் கதவைத் திறந்துவிடுகிற கதைதான். நிறுவனம் சொன்ன காரணம் எளிமையானது: பயனாளர் கூடுதலாக ஒரு முறை சொடுக்க வேண்டியதைத் தவிர்த்தோம் என்றது. ஆப்பிள் நிறுவனம் தானே முன்வந்து எல்லா மேக்களிலிருந்தும் அதை நீக்கியது.

அடுத்தது 2020 மார்ச் இறுதி. ஐஃபோன் ஜூம் செயலி, ஃபேஸ்புக் கணக்கே இல்லாதவர்களின் கருவித் தகவல்களையும் ஃபேஸ்புக்குக்கு அனுப்புகிறது என்று தெரியவந்தது. ஓரிரு நாளில் அந்த நிரல்பகுதி நீக்கப்பட்டது. அதே வாரத்தில், மேக் நிறுவியானது 'இன்ஸ்டால்' பொத்தான் வரும் முன்பே, முன்சோதனை என்ற பெயரில் ஓடும் கட்டளைகளின் வழியாகச் செயலியை நிறுவி முடித்துவிடுகிறது என்று மற்றொருவர் காட்டினார். 'உள்ளே வரலாமா' என்று வாசலில் கேட்டுக்கொண்டிருக்கும்போதே சாமான்கள் கொல்லைப்புறமாக இறங்கிவிட்டன. ஏப்ரல் 1 அன்று நிறுவனத் தலைவர் எரிக் யுவான் மன்னிப்புக் கேட்டு, 90 நாள் புதிய வசதிகள் எதையும் சேர்க்காமல் பாதுகாப்பை மட்டும் கவனிப்போம் என்றார்.

இந்த மூன்று நிகழ்விலும் நோக்கம் திருட்டு என்று யாரும் நிரூபிக்கவில்லை. பயனாளருக்குச் சிரமம் இருக்கக்கூடாது என்ற எண்ணமே மூன்றில் இரண்டுக்குக் காரணம். நிறுவும் நேரத்தில் வரும் ஒவ்வொரு கேள்வியும் ஒரு வாடிக்கையாளரை இழக்கும் இடம் என்று நிறுவனம் கருதுகிறது. பயனாளர் யோசிக்கக் கிடைக்கும் ஒரே இடமும் அதுதான்.

சாவி யாரிடம்?

இரண்டாவது விவாதம் மறையாக்கம் பற்றியது. 'முனைக்கு முனை மறையாக்கம்' என்றால் பேசுகிற இருவரின் கருவிகளில் மட்டுமே சாவி இருக்கும். நடுவில் உள்ள நிறுவனமே நினைத்தாலும் திறந்து பார்க்க முடியாது. ஜூம் தன் கூட்டங்களுக்கு அந்தப் பெயரையே பயன்படுத்தி வந்தது. 2020 மார்ச் 31 அன்று 'தி இன்டர்செப்ட்' செய்தித்தளம் அது உண்மையல்ல என்று எழுதியது. பெட்டிக்குப் பூட்டு இருந்தது, சாவி நிறுவனத்திடமும் இருந்தது. மூன்று நாள் கழித்து டொராண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேப், மறையாக்க முறையே பலவீனமானது என்றும், வட அமெரிக்காவில் நடந்த சோதனைக் கூட்டத்தின் சாவிகூடச் சீனாவில் உள்ள சர்வர் வழியாக வந்தது என்றும் கண்டறிந்தது. 2020 நவம்பரில் அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம், குறைந்தது 2016 முதல் நிறுவனம் பயனாளர்களைத் தவறாக வழிநடத்தியதாகக் குற்றம்சாட்டி ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தது. 2021இல் பயனாளர்கள் தொடுத்த வழக்கில் 8.5 கோடி டாலர் தர ஜூம் ஒப்புக்கொண்டது.

அதற்குள் உண்மையான முனைக்கு முனை மறையாக்கமும் வந்துவிட்டது. 2020 அக்டோபரில் ஜூம் அதை வெளியிட்டது. ஆனால் அது தானாக இயங்காது, கூட்டம் நடத்துபவர்தான் தெரிவுசெய்ய வேண்டும். செய்தால் நிறுவன சர்வரில் பதிவு செய்யும் வசதி, சாதாரணத் தொலைபேசியில் இணையும் வசதி போன்றவை போய்விடும். காரணம் வெளிப்படை. திறந்து பார்க்க முடியாததைச் சர்வர் பதிவு செய்யவோ எழுத்தாக்கவோ முடியாது. கூகுள் மீட்டின் வழக்கமான கூட்டங்களும் வழியில் மறையாக்கப்படுபவையே தவிர, நிறுவனத்திடமிருந்து மறைக்கப்படுபவை அல்ல. வாட்ஸ்அப் அழைப்புகள் முனைக்கு முனை மறைக்கப்படுகின்றன. யார் யாரை எப்போது அழைத்தார் என்ற விவரம் அந்த மறைப்புக்குள் வராது.

'மியூட்' பொத்தானும் பெயர் சொல்வதை முழுதாகச் செய்வதில்லை. 2022இல் விஸ்கான்சின்–மேடிசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரபலச் செயலிகளை ஆராய்ந்து, மியூட் செய்த பிறகும் அவற்றில் பல மைக்கைத் தொடர்ந்து அணுகுகின்றன என்று காட்டினார்கள். ஒரு செயலி ஒலியளவு பற்றிய புள்ளிவிவரத்தைத் தன் சர்வருக்கே அனுப்பிக்கொண்டிருந்தது, சுட்டிக்காட்டியதும் நிறுத்தப்பட்டது.

ஏற்காட்டு விடுதியின் வைஃபையில் அலுவலகக் கூட்டம் நடத்துபவருக்கு மறையாக்கம் நிஜமான காவல். விடுதிக்காரரோ பக்கத்து அறைக்காரரோ இணைய வழியில் ஒட்டுக்கேட்க முடியாது. ஆனால் கூட்டத்துக்குள்ளேயே அழைக்கப்பட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர் திரையைப் படம் எடுத்தால் எந்த மறையாக்கமும் ஒன்றும் செய்யாது. இப்போது அந்த ஒருவர் மனிதராகவே இருக்க வேண்டியதில்லை. கூட்டத்துக்குள் பங்கேற்பாளர் போல நுழைந்து எல்லாவற்றையும் எழுத்தாக்கும் செயற்கை நுண்ணறிவுக் குறிப்பெடுப்பான்கள் வந்துவிட்டன. 2023 ஆகஸ்டில் ஜூம் தன் விதிமுறைகளில், பயனாளர் உள்ளடக்கத்தைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குப் பயன்படுத்த இடம் தரும் வாசகங்களைச் சேர்த்திருந்தது தெரியவந்து எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களில் வாசகம் மாற்றப்பட்டது. ஏற்றும்போது ஒப்புக்கொண்ட விதிமுறை பின்னாளிலும் அப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது.

அரசுகள் சொன்னதும் செய்ததும்

2020 ஏப்ரல் 16 அன்று இந்திய உள்துறை அமைச்சகம், ஜூம் பாதுகாப்பான தளம் அல்ல, அரசு அதிகாரிகள் அலுவல் பணிக்கு அதைப் பயன்படுத்தக்கூடாது என்று அறிவித்தது. அதற்கு முன்பே கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் எச்சரித்திருந்தது. அதே அறிவிப்பு, தனியார் பயன்படுத்துவதானால் எப்படி என்றும் சொன்னது: ஒவ்வொரு கூட்டத்துக்கும் புது எண்ணும் கடவுச்சொல்லும், காத்திருப்பு அறை, நடத்துபவர் வரும் முன் யாரும் நுழையாமை, திரைப்பகிர்வு நடத்துபவருக்கு மட்டும், எல்லாரும் வந்ததும் பூட்டு. இவை அத்தனையும் கூட்டம் நடத்துபவர் செய்ய வேண்டியவை. அழைக்கப்பட்டவர் கையில் அவற்றில் ஒன்றும் இல்லை.

சிங்கப்பூரில் அதே மாதம், வீட்டிலிருந்து நடந்த புவியியல் வகுப்பொன்றில் அந்நியர்கள் புகுந்து ஆபாசப் படம் காட்டினார்கள். கல்வி அமைச்சகம் ஆசிரியர்கள் ஜூம் பயன்படுத்துவதை உடனே நிறுத்திவைத்தது. காவல் ஏற்பாடுகளைச் செய்தபின் மீண்டும் அனுமதித்தது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பெற்றோர்களைப் பார்த்து 'கவனமாக இருங்கள்' என்று சொல்லி அமைச்சகம் ஒதுங்கிவிடவில்லை. அழைத்தவர் தான்தான் என்று ஏற்றுக்கொண்டு அழைப்பின் முறையை மாற்றியது. பிரிட்டனிலோ, 2020 மார்ச் 31 அன்று பிரதமர் போரிஸ் ஜான்சன் அமைச்சரவைக் கூட்டப் படத்தை வெளியிட்டபோது கூட்டத்தின் எண்ணே அதில் தெரிந்தது.

கடைக்குள் நடப்பது

இனி மீண்டும் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கு வருவோம். ஆய்வாளர்கள் கண்டுபிடித்த குறைகள் பலவும் திருத்தப்பட்டுவிட்டன. நிறுவும் இடத்தில் உள்ள குறைகள் அப்படியே இருக்கின்றன. அவை செயலி நிறுவனத்தின் கைக்கு எட்டாதவை.

முதலாவது, கணக்கு. பிளே ஸ்டோரிலிருந்து இறக்க ஒரு ஜிமெயில் வேண்டும். வாடிக்கையாளருக்கு அது இருக்காது, அல்லது கடவுச்சொல் நினைவிருக்காது. கடைக்காரரே ஒன்றைத் தொடங்கித் தருவார், கடவுச்சொல்லைக் கவரின் உட்பக்கம் எழுதியும் தருவார். அவசரத்தில் தன் கணக்கையே போட்டுவிடுவதும் உண்டு. பிறகு அந்தப் போனில் சேமிக்கும் தொடர்புகளும் படங்களும் எந்தக் கணக்கில் சேர்கின்றன என்பது இருவருக்குமே தெரியாது. இதில் ஜூமும் இல்லை, சீனாவும் இல்லை.

இரண்டாவது, கோப்பு. மலையில் டவர் தளரும்போது பெரிய செயலியை இறக்குவது பொறுமையைச் சோதிக்கும். ஒருவர் போனிலிருந்து இன்னொருவர் போனுக்கு அனுப்பிக்கொள்வது விரைவு, டேட்டாவும் மிச்சம். 2020 ஜூனில் தடைசெய்யப்பட்ட 59 செயலிகளில் ஷேரிட்டும் இருந்தது பலருக்கு நினைவிருக்கும்; ஊர்ப்புறங்களில் செயலிகள் பரவிய முக்கிய வழி அது. இப்படிக் கைமாறும் கோப்பு எங்கே பிறந்தது, நடுவில் யார் கை வைத்தார்கள் என்று பார்க்க வழியில்லை. பெருந்தொற்றின்போது ஜூம் நிறுவியோடு வேறு தீநிரல்களையும் கட்டி உலவவிட்டவர்கள் இருந்தார்கள். உண்மையான செயலியே ஆனாலும் பழைய பதிப்பாக இருக்கும். திருத்தப்பட்ட ஓட்டைகள் அந்தப் போனில் திறந்தே கிடக்கும்.

மூன்றாவது, அனுமதி. கூட்டத்துக்குத் தேவைப்படுபவை கேமராவும் மைக்கும். அதிலும் 'செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்', 'இந்த ஒரு முறை மட்டும்' என்ற தெரிவுகள் ஆண்ட்ராய்டில் தமிழிலேயே இருக்கின்றன. தொடர்பு எண்கள், இருப்பிடம், குறுஞ்செய்தி எதுவும் இல்லாமலே கூட்டம் நடக்கும். மறுத்தால் செயலி ஓடாது என்ற பயம் பெரும்பாலும் வீண். ஆண்ட்ராய்டு 12 முதல் கேமராவோ மைக்கோ இயங்கினால் திரையின் மேல் ஓரத்தில் பச்சைக் குறி தோன்றுகிறது. பேசி முடித்த பிறகும் அந்தக் குறி தெரிந்தால் ஏதோ ஒன்று இன்னும் திறந்திருக்கிறது என்று பொருள்.

இவற்றோடு நான்காவதாக ஒரு கும்பல் காத்திருக்கிறது. பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று சொல்லி, போனைத் தூரத்திலிருந்து இயக்கும் செயலியை ஏற்றச் சொல்பவர்கள். எனிடெஸ்க் போன்றவற்றின் பெயரில் நடக்கும் இந்த மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. அடுத்து வந்தது 'டிஜிட்டல் கைது': சீருடை போட்ட ஒருவர் வீடியோ அழைப்பில் தோன்றி, கேமராவை அணைக்கக்கூடாது, அறையை விட்டு நகரக்கூடாது என்று மணிக்கணக்கில் மிரட்டிப் பணத்தைப் பறிப்பது. அப்படி ஒரு கைது சட்டத்திலேயே இல்லை என்று பிரதமர் 2024 அக்டோபர் வானொலி உரையில் சொல்ல வேண்டிவந்தது. புகார் எண் 1930.

மோசடிக்காரர் உடைப்பது மறையாக்கத்தை அல்ல. பள்ளி சொன்னதும் ஏற்றினோம், ஆஸ்பத்திரி சொன்னதும் ஏற்றினோம் என்று பழகிய பழக்கத்தை அவர் பயன்படுத்திக்கொள்கிறார். கேள்வி கேட்காமல் ஏற்றச் சொல்லும் ஒவ்வொரு நல்ல நிறுவனமும், தெரியாமலே, அவருக்கு வழி சமைத்துக் கொடுக்கிறது.

பதிவு என்னும் இருமுனைக் கத்தி

2021 மே மாதம் சென்னைப் பள்ளியொன்றின் இணைய வகுப்பு தொடர்பாக எழுந்த பாலியல் துன்புறுத்தல் புகார் தமிழகத்தை உலுக்கியது. அதையடுத்து முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் அறிவித்த நெறிகளில் ஒன்று, இணைய வகுப்புகள் முழுமையாகப் பதிவு செய்யப்பட வேண்டும், பள்ளி நிர்வாகமும் பெற்றோர் தரப்பும் அடங்கிய குழு அவற்றை அவ்வப்போது பார்க்க வேண்டும் என்பது. நோக்கம் சரியானது. வகுப்பறைக்கு வெளியே இன்னொரு பெரியவர் நடமாடுகிறார் என்ற உணர்வே பிள்ளைக்குக் காவல். பதிவு அந்த இன்னொரு பெரியவரின் இடத்தை எடுத்துக்கொள்கிறது.

ஆனால் பிள்ளையைக் காக்க எடுத்த பதிவிலேயே அந்தப் பிள்ளையின் முகமும் குரலும் வீடும் இருக்கின்றன. அது ஆசிரியரின் சொந்தப் போனில் கிடக்கிறதா, பள்ளிக் கணினியிலா, வெளிநாட்டுச் சர்வரிலா? எத்தனை நாள் வைத்திருப்பார்கள், யார் அழிப்பார்கள்? இவற்றுக்கு விடை இல்லாமல் பதிவு செய்தால் ஓர் ஆபத்தை மூடி இன்னோர் ஆபத்தைத் திறக்கிறோம். பதிவே வேண்டாம் என்பது விடையாகாது. ஆசிரியர் பக்கக் காட்சி மட்டும் பதிவாகும்படி செய்யலாம், பள்ளியின் கட்டுப்பாட்டில் மட்டும் வைக்கலாம், குறித்த நாளில் அழிக்கலாம். செயலிகளில் இதற்கெல்லாம் வழி இருக்கிறது. பள்ளி உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.

மருத்துவத்தில் இது இன்னும் கூர்மை. 2020 ஏப்ரலில் நோயாளிகளுக்கு நேரடியாகத் திறக்கப்பட்ட இ-சஞ்சீவனி காணொலி மருத்துவச் சேவையை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. சேலம் வரை இறங்கி ஏற ஒரு நாள் கூலியை விட வேண்டிய மலைவாசிக்கு அது பெரிய வரம். ஆனால் மருத்துவரிடம் மட்டும் சொல்ல வேண்டியதைச் சொல்ல, டவருக்காக வந்து நிற்கும் பஸ் நிறுத்தம் ஏற்ற இடமா? துணை சுகாதார நிலையத்தில் கதவுள்ள ஓர் அறையும் ஒரு நல்ல இணைப்பும் இருந்தால், நோயாளியின் போனில் எதையும் ஏற்றாமலே அந்த அந்தரங்கத்தைக் காப்பாற்றிவிடலாம்.

நம்மூர்ச் செயலி, கட்டற்ற செயலி

நம்பிக்கைச் சிக்கலுக்கு இந்தியா சொன்ன ஒரு விடை, நாமே செய்வோம் என்பது. 2020 ஏப்ரலில் மின்னணு அமைச்சகம் அறிவித்த காணொலிச் செயலிப் போட்டியில் கேரளத்து ஆலப்புழையைச் சேர்ந்த டெக்ஜென்ஷியாவின் வீகன்சால் வென்று ஒரு கோடி ரூபாய் பெற்றது. ஜூலையில் ஜியோமீட் வந்தது. தோற்றத்தில் ஜூமின் இரட்டைப் பிறவி என்று கேலி எழுந்தது. தமிழ்நாட்டில் வேர்கொண்ட ஜோஹோவின் 'அரட்டை' 2025 செப்டம்பரில் திடீரென்று லட்சக்கணக்கான போன்களில் ஏறியது. அப்போது அதில் குரல், வீடியோ அழைப்புகள் முனைக்கு முனை மறைக்கப்பட்டிருந்தன; எழுத்துச் செய்திகளுக்கு அந்த மறைப்பு இல்லை என்பதைப் பலரும் சுட்டிக்காட்டினார்கள். சர்வர் எந்த நாட்டில் என்பது முக்கியம்தான், நம் நீதிமன்றத்தின் கை அங்கே எட்டும். ஆனால் சொந்த ஊர்க்காரர் என்பதாலேயே சாவியை அவரிடம் கொடுத்துவிட முடியாது. பூட்டு எப்படி என்று அவரிடமும் கேட்கத்தான் வேண்டும்.

இன்னொரு விடை கட்டற்ற மென்பொருள். ஜிட்சி, பிக் புளூ பட்டன் என்னும் காணொலிக் கூட்ட மென்பொருள்கள் இரண்டின் மூலநிரலையும் யாரும் பார்க்கலாம், பள்ளியோ கல்லூரியோ தன் சர்வரிலேயே ஓட்டலாம். காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழு தன் வாரக் கூட்டங்களை ஜிட்சி வழியாக நடத்தி வந்திருக்கிறது. இவற்றின் பெரிய வசதி, உலாவியிலேயே திறக்கும் என்பது. எதையும் நிறுவ வேண்டாம், கேமரா அனுமதியும் அந்தத் தளத்துக்கு மட்டும். ஜூம், மீட் போன்றவற்றையும் கணினியில் உலாவி வழியாகத் திறக்கலாம், ஜூமில் 'செயலியை இறக்கு' என்ற பெரிய பொத்தானுக்குக் கீழே அந்த வழி சிறிய எழுத்தில் இருக்கும். ஆனால் மூலநிரல் திறந்திருந்தால் மட்டும் போதாது, சர்வரைக் கவனிக்க ஓர் ஆள் வேண்டும். கவனிப்பில்லாத சொந்தச் சர்வரைவிடக் கவனிப்புள்ள அயலார் சர்வர் மேல். மலைப்பள்ளி ஒவ்வொன்றும் இதைத் தனியாகச் செய்ய முடியாது. மாவட்ட அளவிலோ மாநில அளவிலோ ஒரு முறை செய்தால் எல்லாருக்கும் போதும்.

சட்டம் எங்கே நிற்கிறது

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றம், புட்டசாமி வழக்கில், தனியுரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. ஆறு ஆண்டு கழித்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வரப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டது.

இந்தச் சட்டத்தில் ஒண்டிக்கடைக் காட்சிக்கென்றே எழுதியது போல் மூன்று இடங்கள் இருக்கின்றன. முதலாவது, சம்மதம் கேட்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணை மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் தெரிவு மக்களுக்கு வேண்டும்; தமிழ் அதில் அடக்கம். இரண்டாவது, தேவைக்கு மேல் கேட்டு வாங்கிய சம்மதம் செல்லாது. சட்டமே தரும் எடுத்துக்காட்டு ஒரு தொலைமருத்துவச் செயலி: அது தொடர்பு எண்களையும் கேட்க, பயனாளர் சரி என்றாலும், மருத்துவத்துக்கு எண்கள் தேவையில்லை என்பதால் அந்தச் சரி கணக்கில் வராது. மூன்றாவது, பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவருக்குப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும்; கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகளை விதிகள் தருகின்றன. அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரமும் சட்டத்தில் இருக்கிறது, அதன் மீதான விமர்சனம் நியாயமானதே.

ஆனால் சட்டப்புத்தகத்துக்கும் நம் பழக்கத்துக்கும் இடையே உள்ள தூரத்தை ஏற்காட்டு விடுதி வரவேற்பறையில் அளந்துவிடலாம். அறை எடுக்க ஆதார் நகல் கேட்கிறார்கள், கொடுக்கிறோம். அது எந்த அலமாரிக்குப் போகிறது என்று கேட்பதில்லை. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், விடுதிகள் போன்றவை நகல் வாங்கி வைக்கக்கூடாது என்று எச்சரித்து ஓர் அறிக்கை வெளியிட்டது; தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. இப்படிப் பழகிய கைக்குத் திரையில் வரும் அனுமதிக் கேள்வி இன்னொரு நகல் மாதிரிதான்.

அழைப்பவர் சொல்ல வேண்டியது

பார்த்தவற்றைத் தொகுத்தால் ஒன்று தெளிவாகிறது. குறைகளைக் கண்டுபிடித்தவர்கள் நிபுணர்கள், திருத்தியவை நிறுவனங்கள், கூட்டத்தைப் பூட்டுவது நடத்துபவர், பதிவை வைத்திருப்பது பள்ளி. இவ்வளவு பேர் கையில் உள்ள ஒன்றுக்கான பொறுப்பை, கடைசியில் திரையில் விழும் ஒரு பொத்தான் வழியாக, மிகக் குறைவாகத் தெரிந்தவரின் தலையில் ஏற்றுகிறோம். பளபளப்பான விழிப்புணர்வுச் சுவரொட்டி எத்தனை ஒட்டினாலும் இந்தக் கணக்கு நேராகாது.

நேராக்க வேண்டியவர் அழைப்பவர். பள்ளியோ வங்கியோ மருத்துவமனையோ எஸ்டேட் அலுவலகமோ, ஒரு செயலியை ஏற்றச் சொல்லும் முன் தமிழில் அரைப்பக்கம் எழுதித் தந்தால் போதும். எந்தச் செயலி, எங்கிருந்து இறக்குவது. கேமராவும் மைக்கும் தவிர எதையும் அனுமதிக்க வேண்டாம். பதிவு செய்வோமா, எங்கே வைப்போம், எந்த நாளில் அழிப்போம். கேமராவைத் திறக்காமல் கலந்துகொள்ளலாமா. செயலியே வேண்டாம் என்பவர் சாதாரணப் போனில் பேசவோ நேரில் வரவோ என்ன வழி. கடைசி வரி மிக முக்கியம். வேறு வழி இல்லாதவரிடம் வாங்கும் சம்மதத்துக்குச் சம்மதம் என்று பெயர் வைக்க முடியாது. இந்த அரைப்பக்கம் தர முடியாத நிறுவனம், தான் பரிந்துரைக்கும் செயலியைத் தானே இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

கடைப் பையனுக்கும் இதில் வேலை உண்டு, அதற்குப் பயிற்சி வகுப்பு தேவையில்லை. போனை வாங்கும்போது "யாருக்கா சொன்னாங்க ஏத்தச் சொல்லி?" என்று ஒரு கேள்வி. அந்த அம்மா "ஸ்கூல்ல சொன்னாங்க" என்பார். பள்ளி கொடுத்த அரைப்பக்கம் அவர் கையில் இருந்தால், பையன் அதைப் பார்த்து எண்களுக்கான அனுமதியை மறுத்துவிட்டு மற்ற இரண்டைத் தருவான். கையில் எதுவும் இல்லை, போனில் யாரோ சொன்னார்கள் என்றால், அவன் ஏற்றாமலே போனைத் திருப்பித் தரலாம்.